தீவை விட்டுக் கிளம்பும்போது

ஒரகடத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வீட்டுக்காரருக்கு அங்கே ஒரு மோட்டார்த் தொழிற்சாலையில் வேலை. மூன்று வருஷமாகச் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில், பொங்கல் விடுமுறையை ஒட்டி, கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் என்று நாலு பேரும் அந்தமானுக்குப் போய்வரப் போகிறார்களாம். டிக்கெட் வாங்கியாகிவிட்டது. இப்போது சண்டை, கடைசி இரண்டு நாளைப் பற்றி.

ஞாயிற்றுக்கிழமை பகல் ஒரு மணிக்குத் திரும்பும் விமானம். "அன்று விடியற்காலை வரை ஹாவ்லாக் தீவிலேயே இருப்போம். கொடுத்த காசுக்குக் கடைசி நிமிஷம் வரை கடலைப் பார்க்க வேண்டும். ஆறு மணிக்கு ஒரு முழுக்குப் போட்டுவிட்டு, முதல் படகைப் பிடித்தால் நேரே விமான நிலையம்" என்பது அவருடைய கட்சி. "சனிக்கிழமை காலையே போர்ட் பிளேயருக்கு வந்துவிட வேண்டும். துணியெல்லாம் துவைத்துக் காயவைத்து, நிதானமாக மூட்டை கட்ட வேண்டும்" என்பது அம்மாளின் கட்சி. "நீங்களே நியாயம் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார். பெண்களுக்கான பக்கமாயிற்றே, தீர்ப்புத் தமக்குச் சாதகமாகத்தான் வரும் என்று நினைத்தாரோ என்னவோ! பாதி சாதகம், பாதி பாதகம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

தீவில் விடுமுறை என்றதும் மேற்கிந்தியத் தீவுகளில் வெள்ளைக்காரத் தம்பதிகள் தொப்பி போட்டுக்கொண்டு படுத்திருக்கும் காட்சியைத்தான் சினிமாக்காரர்கள் காட்டுகிறார்கள். நமக்கு அவ்வளவு தூரம் எதற்கு? மீனம்பாக்கத்தில் ஏறினால் இரண்டேகால் மணி நேரத்தில் போர்ட் பிளேயர். 2024 முதல் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். ஹாவ்லாக் 2018லேயே ஸ்வராஜ் தீவு ஆகிவிட்டது. ஆனாலும் படகுக்காரர் முதல் பலகாரக் கடைக்காரர் வரை பழைய பெயரைச் சொன்னாலும் புரிந்துகொள்வார்கள். இட்லி கிடைக்கும், தமிழில் பேரம் பேசலாம். நம் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நேர் கிழக்கே, சமுத்திரத்துக்கு அக்கரையில் இருக்கிற ஊர் அது.

முதலில் முழுக்கு விஷயம். இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. முதுகில் காற்றுக் குடுவையைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் போகிறார்களே, அதை விமானம் ஏறும் நாளன்று செய்யவே கூடாது. காரணம் கேளுங்கள். நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன். ஆழத்தில் தண்ணீரின் அழுத்தத்தால் அது ரத்தத்திலும் சதையிலும் வழக்கத்தைவிட அதிகமாகக் கரைந்துவிடுகிறது. மேலே வந்த பிறகு மெள்ள மெள்ள மூச்சு வழியாக வெளியேறும். அதற்குள் விமானத்தில் ஏறி உட்கார்ந்தால் என்ன ஆகும்? விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பதுபோல் இருக்காது. ஏறத்தாழ ஊட்டியில் இருக்கிற அளவுதான். கோலி சோடாவை உடைத்ததும் குமிழி பொங்குகிறதல்லவா? அழுத்தம் குறைந்ததால்தான் பொங்குகிறது. அதே காரியம் மனிதருடைய ரத்தத்திலும் மூட்டுகளிலும் நடந்தால், சாதாரண மூட்டுவலியோடும் நிற்கலாம், கைகால் விழுவதிலும் கொண்டுபோய் விடலாம். ஒரே ஒரு முழுக்கு என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல முழுக்குகள் என்றால் 18 மணி நேரம் விமானம் கூடாது என்பது கணக்கு. கற்றுக்கொடுப்பவர்கள் பலரும் பத்திரத்துக்காக முழு நாளாக, 24 மணி நேரமாகச் சொல்கிறார்கள். ஆகவே சகோதரியின் வீட்டுக்காரர் ஆசைப்பட்ட முழுக்கை வெள்ளிக்கிழமையே முடித்துக்கொள்ளட்டும். கண்ணாடி மாட்டிக்கொண்டு, வாயில் குழாயை வைத்துக்கொண்டு, தண்ணீரின் மேல் மட்டத்தில் குப்புற மிதந்து மீன் பார்க்கிறார்களே, அதற்கு இந்தத் தடை கிடையாது.

அடுத்தது படகு. அதிலும் அம்மாள் கட்சிதான் ஜயம். ஹாவ்லாக்கிலிருந்து போர்ட் பிளேயர் வரத் தனியார் விரைவுப் படகில் ஒன்றரை மணி, சர்க்கார் படகில் இரண்டரை மணி ஆகும். கடல் நம் வண்டலூர்–வாலாஜாபாத் சாலை மாதிரி அல்ல. சாலையில் நெரிசல் என்றால் மணி கணக்கில் தாமதம். கடல் கொந்தளித்தால் நாள் கணக்கில் தாமதம். 2016 டிசம்பரில் புயல் சின்னம் வந்து, படகுகள் எல்லாம் நின்றுபோய், ஹாவ்லாக்கிலும் நீல் தீவிலும் நூற்றுக்கணக்கான உல்லாசப் பிரயாணிகள் சிக்கிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் மீட்டு வந்தன. அந்தச் சின்னம்தான் பிறகு வலுத்து, டிசம்பர் 12ஆம் தேதி சென்னையில் மரங்களை எல்லாம் சாய்த்த 'வர்தா'. ஜனவரியில் கடல் பெரும்பாலும் சாதுவாக இருக்கும், வாஸ்தவம்தான். ஆனாலும் விமானம் காத்திருக்காது; நாலு டிக்கெட் பணம் மூன்று வருஷச் சீட்டுப் பணம். கடைசி இரவு போர்ட் பிளேயரில்தான் தங்க வேண்டும்.

இனி அம்மாளின் முறை. சனிக்கிழமை காலை வந்து இறங்கி, அன்று முழுவதும் துணி துவைக்கப் போகிறேன் என்கிறீர்களே, இது என்ன அநியாயம்? வருஷம் முழுவதும் வீட்டில் துவைக்காத துணியா? உப்புத் தண்ணீரில் நனைந்ததை நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசிப் பிழிந்து, ஒரு பிளாஸ்டிக் பையில் தனியாகக் கட்டிக்கொண்டால் போதும். நாள் முழுவதும் கார் கதவோ சக்கரமோ பூட்டிக்கொண்டு நின்றே வேலை பார்க்கிற மனுஷர், கடைசி மாலைப்பொழுதைக் கடலோரத்தில் உட்கார்ந்து கழிக்க ஆசைப்படுவது தப்பா? நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை: அங்கே நம் கடிகாரம்தான், சூரியன் மட்டும் வேறு. சென்னையைவிட ஐம்பது நிமிஷம் முந்தி உதித்து, ஐம்பது நிமிஷம் முந்தி மறைகிறது. ஜனவரியில் மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் அஸ்தமனம். காபி குடித்துவிட்டு ஆறு மணிக்குப் போகலாம் என்று இருந்தால் இருட்டைத்தான் பார்ப்பீர்கள்.

இருட்டிய பிறகு செல்லுலர் சிறையில் ஒலி-ஒளிக் காட்சி நடக்கிறது. குழந்தைகளை அழைத்துப் போங்கள். 1896இல் கட்ட ஆரம்பித்து 1906இல் முடித்த சிறை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாதபடி தனித் தனி அறைகள், அறுநூறுக்கு மேல். நாம் விடுமுறைக்குப் போகிற இதே தீவுக்குக் கொண்டுபோய் இறக்கியபோது, வீடு திரும்புவோமா என்று தெரியாமல் இறங்கியவர்கள் எத்தனை பேர்!

தீவுக்குப் போய் வீடு திரும்பாதவர்களில் நம்மவர்களே ஆயிரக்கணக்கில் உண்டு. அந்த மேற்கிந்தியத் தீவுகளை வேடிக்கையாகச் சொன்னேன் அல்லவா? அங்கே மார்த்தினிக், குவாதலூப் என்று பிரெஞ்சுக்காரரின் தீவுகள் இரண்டு. 1853இல் மார்த்தினிக்குக்கும், 1854 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் குவாதலூப்புக்கும் 'ஓரேலி' என்ற கப்பலில் கரும்புத் தோட்ட வேலைக்கு இந்தியர்கள் போய் இறங்கினார்கள். பின்னால் கப்பல் கப்பலாக, புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் தமிழ் ஜனங்கள் போனார்கள். குவாதலூப்புக்கு மட்டும் ஏறத்தாழ 42,000 பேர். ஐந்து வருஷ ஒப்பந்தம். முடிந்ததும் இலவசமாக ஊருக்குக் கப்பல் என்பது வாக்கு. சிலர் திரும்பினார்கள். பலர் கடனாலோ, வியாதியாலோ, மறு ஒப்பந்தத்தாலோ, அங்கே பிறந்த குழந்தைகளாலோ தங்கிப்போனார்கள். ஹென்றி சிதம்பரம் என்று அந்த வம்சத்தில் பிறந்த ஒருவர், இந்தியரின் பிள்ளைகளுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்று 1904 முதல் 1923 வரை வழக்காடி வென்றார். இன்றைக்கும் அங்கே மாரியம்மனுக்குப் பூஜை நடக்கிறது. மல்லி, மஞ்சள், சீரகம் சேர்த்து அரைத்த ஒரு மசாலாக் குழம்புக்கு 'கொலம்போ' என்று பெயர் வைத்து ஊரே சாப்பிடுகிறது. பாஷை மறந்துபோன பிறகும் குழம்பு மறக்கவில்லை பாருங்கள். அம்மிக் கல்லுக்கு ஆயுசு அதிகம்!

சரி, மூட்டை கட்டுவோம். உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் படித்துத்தான் எனக்குப் பகீர் என்றது. "அக்கம்பக்கத்தாருக்கு வெள்ளைப் பவளத் துண்டும் சங்கும் பொறுக்கி வரலாம் என்றிருக்கிறேன், செலவில்லாத பரிசு" என்கிறீர்கள். வேண்டாம், அம்மா, வேண்டாம். கரையில் செத்து ஒதுங்கிக் கிடக்கிற துண்டானாலும் பவளப் பாறை எடுத்துவருவது குற்றம். 1972ஆம் வருஷத்து வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடும் யானையோடும் சேர்த்து, 2001இல் பவளத்தையும் வைத்துவிட்டார்கள். விமான நிலையத்தில் பெட்டியை ஊடுருவிப் பார்க்கிற இயந்திரத்தில் அது பளிச்சென்று தெரிந்துவிடும். குழந்தைகளின் எதிரில் பெட்டியைப் பிரிக்கச் சொல்லி விசாரணை நடந்தால் ஆறு நாள் சந்தோஷமும் ஆறு நிமிஷத்தில் போய்விடும். மேற்கிந்தியத் தீவுகளிலும் இதே கதைதான். அங்கே ராணிச் சங்கு என்ற பெரிய இளஞ்சிவப்புச் சங்குக்கு 1992 முதல் சர்வதேசக் கட்டுப்பாடு உண்டு. அனுமதிச் சீட்டில்லாமல் ஓர் ஆள் மூன்றுக்கு மேல் கொண்டுபோகக் கூடாது. (நாம் நகையில் பதிக்கிற சிவப்புப் பவளம் வேறு, அது மத்தியதரைக் கடல் சரக்கு.)

சட்டம் கிடக்கட்டும். கரையில் கிடக்கிற காலிச் சங்குகளைக் குழந்தைகளுக்குக் காட்டி ஒரு கால் மணி பொறுத்திருக்கச் சொல்லுங்கள். அதிலொன்று எழுந்து நடக்கும். துறவி நண்டுக்குச் சொந்த ஓடு கிடையாது. காலிச் சங்கு பார்த்துக் குடிபுகுந்து, உடம்பு வளர வளரப் பெரிய சங்காகத் தேடி வீடு மாற்றிக்கொண்டே இருக்கும். வாடகை வீட்டில் இருக்கிற நமக்கு அதன் கஷ்டம் தெரியாதா? நாம் பொறுக்கிவந்து காட்சிப் பெட்டியில் வைக்கிற ஒவ்வொரு சங்கும் அதற்கு ஒரு வீடு குறைந்த கணக்கு.

பரிசுதானே வேண்டும்? அபர்தீன் பஜாரில் கிராம்பு, பட்டை, ஜாதிக்காய் வாங்குங்கள். அந்தத் தீவுகளிலேயே விளைகிறவை. பொட்டலம் பொட்டலமாகப் பிரித்துக் கொடுக்க வசதி. சிப்பியில் செய்த சாமான் ஆசையாக இருந்தால் சர்க்காரின் 'சாகரிகா' கடையில் வாங்கி, ரசீதைக் கைப்பையில் பத்திரமாக வையுங்கள். தென்னை மலிந்த ஊராயிற்றே என்று கொப்பரைத் தேங்காய் கட்டிக்கொண்டு வராதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கால் தீப்பிடிக்கும் என்று விமானத்தில் தடை. செல்போனுக்கு மின்சாரம் ஏற்றுகிற பவர் பேங்க் பெட்டிக்குள் கூடாது, கையில்தான் இருக்க வேண்டும். பெரும்பாலும் பெட்டிக்கு 15 கிலோ, கையில் 7 கிலோ. ஈரத்துணி எடையைக் கூட்டும் என்பதை மறக்க வேண்டாம்.

ஞாயிறு பிற்பகல் மூன்றரைக்கெல்லாம் மீனம்பாக்கத்தில் இறங்கிவிடுவீர்கள். படப்பை வழியாக வீட்டுக்கு முப்பது, நாற்பது கிலோமீட்டர். உங்கள் பக்கத்திலேயே பரந்தூரில் விமான நிலையம் வரப்போகிறதென்று 2022 முதல் பேச்சு. வந்தால் உங்களுக்குச் சௌகரியம்தான். ஆனால் ஏகனாபுரத்து ஜனங்கள் அன்றிலிருந்து வேண்டாம் என்று போராடுகிறார்கள். நமக்கு வீடு சேர அரை மணி மிச்சம். அவர்களுக்கு வீடே போகிற காரியம்.

கிளம்புகிற முன்னால் பக்கத்து வீட்டில் ஒரு கிண்ணம் உறைமோர் எடுத்துவைக்கச் சொல்லிவிட்டுப் போங்கள். வந்ததும் பாலை உறைக்கு ஊற்றிவிடலாம். அன்று இரவுக்கு மிளகு ரசம், சுட்ட அப்பளம், அவ்வளவே. ஆறு நாள் கடைச் சாப்பாடு சாப்பிட்ட நாக்குக்கு அது அமிர்தம். வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர் விடுதியில் தங்கியிருக்கும் தங்கை மகளைப் பற்றியும் எழுதியிருந்தீர்களே, பதினெட்டாயிரம் பேருக்கு மேல் தங்குகிற இடத்தில் அவளுக்கு வீட்டு ரசம் ஏது? அவளையும் அன்றைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். கடல் கதை கேட்க ஒரு புது ஆள் ஆயிற்று.

திங்கட்கிழமை முதல் ஷிப்டுக்கு விடியற்காலை கம்பெனி பஸ் வருமே, எப்படி எழுந்திருப்பார் என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். அதற்காக ஒரு நாள் லீவு எழுதிக் கொடுக்க வேண்டாம். ஆறு நாளாக ஐம்பது நிமிஷம் முந்தி உதிக்கும் சூரியனோடு எழுந்து பழகிய உடம்பு, இங்கே இருட்டிலேயே தானாக விழித்துக்கொள்ளும். ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துவிடுங்கள். அந்த ஈரத்துணிப் பையை மட்டும் படுப்பதற்கு முன் பிரித்துக் கொடியில் போட்டுவிடுங்கள். காலை வரை கட்டியே வைத்தால் நாறிப்போகும்.