தெரு இசையும் மேடை இசையும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

கலைக்குத் தூய்மை வேண்டுமா, கலப்பு வேண்டுமா? இவ்வினா எழாத நாடே இல்லை எனலாம். தென் அமெரிக்காவின் அர்ஜென்டினா நாட்டில் ஒருவரது வாழ்க்கையே இதற்கு விடையாக அமைந்தது. அவர்தாம் இசையமைப்பாளர் ஆஸ்தோர் பியாசொல்லா (1921-1992).

டாங்கோ என்பது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் புவெனஸ் அயர்ஸ், மான்டிவிடியோ ஆகிய துறைமுக நகரங்களின் ஏழை மக்களிடையே பிறந்த ஆடல் இசை. பிழைப்புத் தேடிக் கப்பலேறி வந்த ஐரோப்பியரும் ஆப்பிரிக்க வழித்தோன்றல்களும் சேர்ந்து வளர்த்தது அது. அதன் உயிர்நாடியான பந்தோனியோன் என்னும் துருத்திக் கருவியும் ஜெர்மனியிலிருந்து வந்ததே. பிறப்பிலேயே கலப்பான இசைக்குத் தூய்மை காக்கச் சிலர் புறப்பட்டது வியப்பன்றோ?

பியாசொல்லா 1939 முதல் அனிபால் ட்ரொய்லோவின் டாங்கோ குழுவில் பந்தோனியோன் வாசித்தார். 1941 முதல் ஹினாஸ்டெராவிடம் செவ்வியல் இசை பயின்றார். 1953-இல் அவரது சிம்பொனி அரங்கேறியபோது, வாத்தியக் குழுவில் இரண்டு பந்தோனியோன்களைச் சேர்த்தது பொறாமல் அவையோர் கைகலப்பில் இறங்கினர். தெருவின் கருவிக்கு மேடையில் இடமில்லை என்பதே அவர்கள் சினத்தின் பொருள்.

1954-இல் அவர் பாரிஸ் சென்று, புகழ்பெற்ற ஆசிரியை நாடியா பூலாஞ்சேயிடம் மாணவரானார். தம் சிம்பொனிகளையெல்லாம் காட்டியவர், டாங்கோ வாசிப்பவர் என்று சொல்ல மட்டும் நாணினார். அம்மையார் வற்புறுத்தவே தமது டாங்கோ ஒன்றை வாசித்தார். உண்மையான பியாசொல்லா இதில்தான் இருக்கிறார், இதை விட்டுவிடாதீர் என்பது அவர் பெற்ற அறிவுரை. 1955-இல் நாடு திரும்பியவர் மின்கிதாரையும் டாங்கோவில் சேர்த்தார். எட்டு மாத்திரையை 3+3+2 எனப் பிரித்த தாளத்தின்மேல், பாக் கையாண்ட ஃபியூக் அமைப்பையும் ஏற்றினார்.

“இது டாங்கோவே அன்று” என்று பழமை விரும்பிகள் வசைபாடினர். அவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. ஆடுவோரின் கால்களைவிடக் கேட்போரின் செவிகளையே அவர் பெரிதாகக் கருதினார். ஆயினும் பழைய டாங்கோ அழிந்துவிடவில்லை. மக்கள் இன்றும் ஆடுகின்றனர். 2009-இல் யுனெஸ்கோவும் அதனை மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றது. புதியது வந்ததால் பழையது சாகவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆனால் எல்லாக் கலப்பையும் நான் போற்றவில்லை. இரண்டையும் அரைகுறையாய் அறிந்தவன் கலந்தால் இரண்டும் கெடும். பியாசொல்லா இரண்டிலும் பல்லாண்டு உழைத்த பின்னரே துணிந்தார்.

எம்போன்று குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்க்கு இது இசைச் செய்தி மட்டுமன்று. படிப்பு ஏற ஏற, வீட்டுப் பேச்சும் தந்தையின் தொழிலும் ஊர்ப் பாட்டும் மறைக்க வேண்டியவை என்ற எண்ணம் எப்படியோ நம்மிடையே நுழைந்துவிடுகிறது. மாணவன் மறைத்ததை வெளிக்கொணர்ந்து, “இதுவே உன் முதல்” என்று காட்டினாரே, அவரே ஆசிரியர்! அத்தகைய ஆசிரியரிடம் காட்டுவதற்கு நம்மிடம் ஏதேனும் எஞ்சியிருக்க வேண்டும், நண்பர்களே. ஆகவே புதியதைக் கசடறக் கற்போம், கொண்டுவந்ததைக் கைவிடாதிருப்போம்.