காய்ச்சல் விட்டு நாலு மாசமாச்சு

"ஜுரம்தான் விட்டுடுச்சே, அப்புறம் என்ன?" இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியே ஓய்ந்துபோனேன். கொரோனா வந்தது ஐந்து நாள். ஆஸ்பத்திரியில் படுக்கவில்லை. ஆறாம் நாள் எழுந்து குளித்து ரசம் சாதம் சாப்பிட்டேன். நாலு மாசம் ஆகிறது, புத்தி மட்டும் பழையபடி வரவில்லை.

ஜவுளி மொத்தக் கடை ஒன்றில் பதினாறு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். மாசா மாசம் 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட வேண்டும். கையில் கொள்முதல் பில், திரையில் ஜிஎஸ்டி தளம் காட்டும் 2பி பட்டியல். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். முன்பெல்லாம் வாய் ஒரு பக்கம் பேசும், கண் பாட்டுக்கு ஓடும். இப்போது நாலு இலக்கம் பில்லிலிருந்து திரைக்குப் போவதற்குள் நழுவிவிடுகிறது. 4872. திரும்பப் பில்லைப் பார்க்கிறேன். வரிக்கு அடியில் ஸ்கேலை வைத்துக்கொள்கிறேன். அதற்குள் யாராவது, "அக்கா, ஈரோட்டுப் பார்ட்டி பாக்கி எவ்வளவு?" என்றால் தீர்ந்தது. பில்லும் போச்சு, பாக்கியும் போச்சு. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒரு மணி நேர வேலை மூன்று மணி நேரம் இழுக்கிறது. சாயங்காலம் தலைக்குள் பஞ்சை அடைத்த மாதிரி இருக்கிறது.

டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து, "எல்லாம் நார்மல், டென்ஷன் ஆகாதீங்க" என்று வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். ரத்தத்தில் தெரியாவிட்டால் இல்லவே இல்லையா?

நானாக இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. பிரிட்டனில் 785 பேருக்கு இரண்டு முறை மூளை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வு 2022 மார்ச்சில் 'நேச்சர்' இதழில் வந்தது. அதில் 401 பேருக்கு இடையில் கொரோனா வந்திருந்தது. பெரும்பாலோர் ஆஸ்பத்திரிக்கே போகாதவர்கள். எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றி, 1, ஏ, 2, பி என்று கோடு இழுத்துச் சேர்க்கும் சோதனையில் அவர்கள் மற்றவர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள். இங்கே ஒரு கண், அங்கே ஒரு கண். என் வேலையும் அதுதானே! உலக சுகாதார நிறுவனமும் 2021 அக்டோபரிலேயே கொரோனாவுக்குப் பிந்தைய பாதிப்புகளில் இந்தச் சிந்தனைத் தடுமாற்றத்தைச் சேர்த்துவிட்டது.

வீட்டில் அத்தை, "எல்லாருக்கும்தான் வந்துச்சு, எந்திரிச்சு வேலை பாக்கலையா?" என்கிறார். அம்மை கண்டபோது மூணாம் தண்ணி ஊற்றும் வரை என்னைத் துடைப்பத்தைக்கூடத் தொடவிடாத அதே அத்தை! உடம்பு தேற நாள் பிடிக்கும் என்பது இந்த வீட்டுக்குத் தெரியாத விஷயமா? மூளையும் உடம்பில்தானே இருக்கிறது?

சும்மா உட்கார வைத்துச் சம்பளம் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. பத்திலிருந்து பன்னிரண்டு மணி வரை என்னை யாரும் கூப்பிடாமல் இருந்தால் போதும் என்றுதான் முதலாளியிடம் கேட்டேன். "முன்ன மாதிரி இல்லையேம்மா நீங்க" என்றார். பிறகு, "பாக்கலாம்" என்றார். அது போன மாசம். இன்றைக்குத் தேதி 18. இருநூறு பில்லுக்கு மேல் இன்னும் பார்க்காமல் கிடக்கிறது.