காமாலை என்னும் ஒரு சொல்

ஏர்பேட்டுச் சுற்றுப்புறத்தில் தமிழர் 'மஞ்சள் காமாலை' என்பதைத் தெலுங்கர் 'பச்ச காமெர்லு' என்பர். மொழி இரண்டாயினும் பொருள் ஒன்றே. தடுமாற்றம் எழுவது மருத்துவ முறைகளுக்கிடையில்தான். சித்த வைத்தியருக்குக் காமாலை ஒரு நோயின் பெயர். அதனுள் பல வகைகளையும் அவர் பிரித்தறிவார். நவீன மருத்துவருக்கோ அது நோயன்று, குறி. இரத்தத்தில் பிலிருபின் என்னும் நிறப்பொருள் மிகும்பொழுது கண் மஞ்சளாகத் தோன்றுகிறது. காரணம் கல்லீரல் அழற்சியாகலாம்; சிவப்பணுக்களின் சிதைவாகலாம்; பித்தநாளத்தை அடைத்த கல்லோ புற்றுநோயோ ஆகலாம்.

'ஏ' வகை வைரஸால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணியும். அப்போது பருகிய கீழாநெல்லிச் சாறு புகழைப் பெற்றுவிடும். அப்புகழை நம்பி, பித்தநாளம் அடைபட்டவரும் அதே சாற்றுடன் காத்திருந்தால் உயிருக்கே கேடு. மூலிகையை இகழ்வது என் கருத்தன்று. 1988-இல் சென்னை ஆய்வாளர்கள், கீழாநெல்லி இனச் செடியை உட்கொண்ட 37 பேரில் 22 பேரிடம் 'பி' வகை வைரஸின் அடையாளம் மறைந்ததாக லான்செட் இதழில் வெளியிட்டனர். பிறர் பின்னர் நடத்திய சோதனைகள் அதனை உறுதிப்படுத்தவில்லை. எனினும் அவர்கள் ஆராய்ந்தது பொதுப்படையான 'காமாலை'யை அன்று. பெயர் தெளிந்த ஒரு வைரஸை.

2024 ஜனவரியில் உலக சுகாதார ஸ்தாபனம் தன் நோய்ப் பகுப்பின் 11-ஆம் பதிப்பில் ஆயுர்வேத, சித்த, யுனானிச் சொற்களுக்கெனப் பகுதியொன்றைச் சேர்த்தது. நல்லதே. ஆயினும் குறியீட்டெண் கிராமத்து மருந்துச் சீட்டை எட்டுமுன், வைத்தியர் எம்முறையினராயினும் 'காமாலை' என்றெழுதி நிறுத்தாமல் காரணத்தையும் எழுதுக. அறியாவிடில் அறியவில்லை என்றே எழுதி, இரத்தச் சோதனைக்கு அனுப்புக. மலம் வெளிறி உடலரிப்பும் கண்டால் ஒருநாளும் தாமதிக்கலாகாது.