ஜோடிக்குக் கொடுத்த எண்: தலைமை மின் ஆய்வாளருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் தலைமை மின் ஆய்வாளர் அவர்களுக்கு,

உயரழுத்த இணைப்பு பெறுவது ஆலையோ மருத்துவமனையோ அடுக்குமாடிக் கட்டடமோ, அதன் வரைபடம் உங்கள் துறையின் ஒப்புதலுக்கு வருகிறது. அந்த ஒப்புதலில் ஒரு நிபந்தனையைச் சேர்க்கக் கோரி இதை எழுதுகிறேன். ஒரு பிரேக்கரின் துண்டிப்புத் திறன் போதாத இடத்தில், அதற்கு மேலே இருக்கும் ஃபியூஸையோ பெரிய பிரேக்கரையோ துணைக்குச் சேர்த்துக் கணக்குக் காட்டும் முறை உண்டு. சீரீஸ் ரேட்டிங் என்பார்கள். பேக்-அப் பாதுகாப்பு என்றும் பெயர். முறையாகச் செய்தால் நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதில் கிடைக்கும் கிலோ ஆம்பியர் எண் அந்த ஜோடிக்குச் சொந்தம், தனிக் கருவிக்கு அல்ல. ஜோடியில் ஒன்று மாறினால் அந்த எண் செல்லாது. இதைப் பேனல் கதவிலேயே எழுதி ஒட்டவேண்டும் என்பதும், சோதித்துப் பார்க்காத ஜோடிகளை ஒப்புக்கொள்ளக் கூடாது என்பதும் என் கோரிக்கை.

500 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரை எடுத்துக்கொள்வோம். 433 வோல்ட் பக்கத்தில் அதன் முழுச்சுமை மின்னோட்டம் சுமார் 667 ஆம்பியர். இம்பீடன்ஸ் 4.5 சதவீதம் என்றால், அதன் முனையில் மூன்று ஃபேஸும் ஒன்றோடொன்று மோதும்போது பாய்வது ஏறக்குறைய 15,000 ஆம்பியர். 1000 கே.வி.ஏ., 5 சதவீதம் என்றால் 26,700. இப்போது பக்கத்து விநியோகப் பெட்டியில் (டி.பி.) வரிசையாக நிற்கும் சிறு பிரேக்கர்களின் (எம்.சி.பி.) முகத்தைப் பாருங்கள். ஒரு சிறிய கட்டத்துக்குள் 10000 என்று அச்சிட்டிருக்கும். தனியாக நின்று அது பத்திரமாக அறுக்கக்கூடிய ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டத்தின் உச்சவரம்பு அவ்வளவுதான். எதிர்பார்க்கும் பழுது மின்னோட்டத்துக்கு ஏற்ற தரம் கருவிகளுக்கு இருக்கவேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் 2023ஆம் ஆண்டுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும் கேட்கின்றன. ஆகவே இரண்டே வழி. 15,000க்கும் மேல் தாங்கும் பிரேக்கரைப் போடலாம்; அல்லது மேலே உயர் துண்டிப்புத் திறனுள்ள ஓர் எச்.ஆர்.சி. ஃபியூஸை வைத்து, கீழிருக்கும் 10,000 ஆம்பியர் பிரேக்கர் அதன் துணையோடு 15,000ஐச் சமாளிக்கும் என்று நிறுவலாம். சிக்கல் இந்த ‘நிறுவலாம்’ என்பதில் இருக்கிறது.

நிறுவுவதாகச் சொல்லிப் பலரும் செய்வது ஒரு வரைபடக் கணக்கு. ஃபியூஸ் தயாரிப்பாளர் தரும் வளைகோட்டில் 15,000ஐக் குறித்து, ஃபியூஸ் எவ்வளவு உச்சத்தைக் கீழே விடும் என்று பார்த்து, அதற்கு நிகரான சிறிய மின்னோட்டத்தைப் படித்தெடுப்பார்கள். அது 10,000க்குக் கீழே வந்துவிட்டால் பிரேக்கர் பிழைத்தது என்று முடிவு. இந்தக் கணக்கு ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறது: பிரேக்கர் அந்த நேரத்தில் சும்மா இருப்பதில்லை. இன்றைய பிரேக்கர்களின் காண்டாக்டுகள் சில மில்லி செகண்டுகளிலேயே பிரியத் தொடங்குகின்றன. பிரிந்ததும் இடையே பற்றும் ஆர்க் மின்சுற்றில் ஒரு தடையாக வந்து சேர்கிறது, மின்னோட்டம் குறைகிறது. குறைந்த மின்னோட்டத்தில் ஃபியூஸின் உள்ளிழை சூடேறித் துண்டாகக் கூடுதல் நேரம் பிடிக்கும். அந்த நேரம் முழுக்க, தன் தரத்துக்கு மீறிய ஆர்க்கைப் பிரேக்கர் தனியாகச் சுமக்கிறது. காப்பாற்ற வேண்டிய ஃபியூஸ் பின்தங்கிவிட, காண்டாக்டுகள் உருகி ஒட்டலாம், பெட்டி வெடித்துப் பிளக்கலாம். வளைகோட்டில் இது தெரியாது. இரண்டையும் சேர்த்துச் சோதனைக்கூடத்தில் ஷார்ட் செய்து பார்த்தால்தான் தெரியும். ஐ.இ.சி. 60947-2 தரநிர்ணயம் இப்படிப்பட்ட ஒருங்கிணைப்புக்கென்றே ஒரு பின்னிணைப்பை வைத்திருப்பதும், தயாரிப்பாளர்கள் எந்த மாடலுக்கு மேல் எது என்று அட்டவணை போட்டுத் தருவதும் இதற்காகத்தான்.

சரியான ஜோடியைத் தேர்ந்தெடுத்துப் போட்டுவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அது எத்தனை நாள் நிலைக்கும்? 00 அளவு ஃபியூஸ் பேஸில் 63 ஆம்பியர் ஃபியூஸ் உட்காரும். 160 ஆம்பியர் ஃபியூஸும் அதே கத்தி முனைகளோடு அதே கவ்விகளில் உட்காரும். இரவு ஷிஃப்டில் 63 போய்விட்டது, கையிருப்பில் 160தான் இருக்கிறது என்றால் பராமரிப்பாளர் அதைச் செருகிவிடுவார். மின்சாரம் வந்துவிடும், எல்லாம் ஓடும். ஆனால் பெரிய ஃபியூஸ் கீழே விடும் ஆற்றல் பல மடங்கு அதிகம். சோதித்த ஜோடி அந்த நொடியே இல்லாமல் போயிற்று. எம்.சி.பி. பழுதானால் கடையில் கிடைக்கும் வேறு பிராண்டை வாங்கி மாட்டுவதும் அப்படியே. அதன் முகத்திலும் அதே 10000 இருக்கும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது.

அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பு இதற்கு நேரடியான தீர்வு வைத்திருக்கிறது. சீரீஸ் ரேட்டிங்கை நம்பியிருக்கும் பேனலின் மேல் எச்சரிக்கைப் பலகை இருக்கவேண்டும். அதில் ஜோடியின் தரம் எத்தனை ஆம்பியர் என்பதும், குறிப்பிட்ட மாற்றுக் கருவியை மட்டுமே போடவேண்டும் என்பதும் இருக்கவேண்டும். இன்னொரு விதி நம் கொங்கு மண்டல ஆலைகளுக்கு மிகவும் பொருந்தும். ஜோடியின் இரண்டு கருவிகளுக்கும் நடுவே இணைந்த மோட்டார்களின் முழுச்சுமை மின்னோட்டம், கீழ்ப் பிரேக்கரின் துண்டிப்புத் திறனில் 1 சதவீதத்தைத் தாண்டினால் சீரீஸ் ரேட்டிங் கூடாது. ஷார்ட் ஏற்படும் கணத்தில் சுழலும் மோட்டார்கள் தாமே மின்னோட்டத்தைப் பழுதுக்குள் தள்ளும். அது மேலேயுள்ள ஃபியூஸ் வழியாக வருவதில்லை. 10,000 ஆம்பியர் பிரேக்கருக்கு இந்த எல்லை 100 ஆம்பியர், அதாவது மொத்தம் 75 குதிரைத்திறன் அளவு மோட்டார்கள். ஒரு நூற்பாலை அந்த எல்லையைச் சுலபமாகக் கடந்துவிடும்.

சிறுதொழில்களுக்கு இது செலவு என்பார்கள். நியாயமான கவலை. ஆனால் நான் சீரீஸ் ரேட்டிங்கைத் தடைசெய்யச் சொல்லவில்லை. விலை உயர்ந்த பிரேக்கரை எல்லா இடத்திலும் போடச் சொல்லவும் இல்லை. முதலில் கணக்குப் போட்டாலே பல இடங்களில் பிரச்சினை தீர்ந்துவிடும். மேலே சொன்ன அதே 500 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரிலிருந்து 35 சதுர மில்லிமீட்டர் அலுமினியக் கேபிள் 30 மீட்டர் ஓடினால், டி.பி.யை எட்டும் பழுது மின்னோட்டம் சுமார் 7,000 ஆம்பியராகக் குறைந்துவிடுகிறது. அங்கே 10,000 பிரேக்கர் யார் துணையுமின்றி நிற்கும். ஈ.ஏ. கிரேடு உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் வரைபடத்தோடு இந்தக் கணக்கையும் இணைப்பது பெரிய சுமையல்ல. ஒரே நிறுவனத்தின் சரக்கில் வாடிக்கையாளர் சிக்கிக்கொள்வார் என்ற மறுப்பும் வரும். உண்மைதான், சோதித்த ஜோடி பெரும்பாலும் ஒரே தயாரிப்பாளருடையது. அந்தக் கட்டு வேண்டாம் என்பவர் முழுத் திறனுள்ள பிரேக்கரைப் போட்டு எந்த பிராண்டையும் வாங்கிக்கொள்ளலாம். இந்தத் தேர்வு தெரிந்து நடக்கவேண்டும். இன்று தெரியாமல் நடக்கிறது.

ஓரிடத்தில் மட்டும் நான் கடுமையாகவே கேட்கிறேன். சீரீஸ் ரேட்டிங்கில் பெரிய ஷார்ட் ஏற்பட்டால் மேற்கருவியும் சேர்ந்து அறுபடும்; அந்த மேற்கருவியை நம்பியிருக்கும் எல்லாச் சுற்றுகளும் இருண்டுபோகும். ஒரு பிளக் பாயின்டில் நேர்ந்த பழுதுக்காகத் தீவிர சிகிச்சைப் பிரிவின் வென்டிலேட்டர் சுற்றோ தீயணைப்பு பம்போ மின்சாரம் இழக்கக் கூடாது. மருத்துவமனைகளின் அவசரச் சுற்றுகளிலும் தீயணைப்புச் சுற்றுகளிலும் முழுத் திறனுள்ள கருவிகளைக் கட்டாயமாக்குங்கள். மற்ற இடங்களில், பழுது மின்னோட்டக் கணக்கும் தயாரிப்பாளரின் ஒருங்கிணைப்பு அட்டவணையும் இல்லாமல் ஜோடியைக் காட்டும் வரைபடங்களைத் திருப்பி அனுப்புங்கள். டிரான்ஸ்பார்மரைப் பெரிதாக்க விண்ணப்பம் வரும்போது, கீழே இருக்கும் பேனல்களின் கணக்கையும் புதிதாகக் கேளுங்கள். 250 கே.வி.ஏ. இருந்தபோது 7,400 ஆம்பியராக இருந்த பழுது மின்னோட்டம் 500க்கு மாறிய அன்றே இரட்டிப்பாகிறது, பேனலோ பழையபடியே நிற்கிறது. ஆய்வுக்கு வரும் உங்கள் அலுவலர் கதவிலுள்ள பலகையையும் உள்ளே இருக்கும் ஃபியூஸின் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

இப்படிக்கு,
மின் பாதுகாப்பில் அக்கறையுள்ள ஒரு குடிமகன்