140-வது ரேங்க்கில் இருந்தவர் ஸ்வியாடெக்கை வீழ்த்தியது எப்படி? அலெக்ஸாண்ட்ரா ஈலாவின் பாய்ச்சலும் அடுத்த சவாலும்

2025 மார்ச், மயாமி ஓப்பன் காலிறுதி. ஒரு பக்கம் ஐந்து கிராண்ட்ஸ்லாம் பட்டங்களை வென்ற, உலகின் 2-ம் நிலை வீராங்கனை இகா ஸ்வியாடெக். மறுபக்கம் 140-வது இடத்தில் இருந்த 19 வயது பிலிப்பைன்ஸ் பெண். ஒருதலைப்பட்சமாக முடியும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆனால் 6-2, 7-5 என்று ஜெயித்தவர் அந்த 19 வயதுப் பெண்!

பெயர் அலெக்ஸாண்ட்ரா ஈலா. அந்த ஒரே தொடரில் ரேங்கிங்கில் 140-ல் இருந்து 75-க்குத் தாவினார். டபிள்யூடிஏ தரவரிசையில் முதல் 100-க்குள் வந்த முதல் பிலிப்பைன்ஸ் பெண் இவர்தான். இது திடீர் அதிர்ஷ்டமா, பல வருட உழைப்பா? பார்க்கலாம்.

மயாமியில் என்ன நடந்தது?

ரேங்கிங் அடிப்படையில் பார்த்தால் ஈலாவுக்கு அந்தத் தொடரின் பிரதானச் சுற்றில் நேரடி இடமே கிடையாது. போட்டி அமைப்பாளர்கள் தங்கள் விருப்பப்படி கொடுக்கும் ‘வைல்டு கார்டு’ மூலம்தான் உள்ளே வந்தார். வந்தவர், 2017 பிரெஞ்சு ஓப்பன் சாம்பியன் ஒஸ்டாபென்கோவை 7-6, 7-5 என வீழ்த்தினார். அடுத்து, இரண்டு மாதங்களுக்கு முன்புதான் ஆஸ்திரேலிய ஓப்பனை வென்றிருந்த மேடிசன் கீஸை 6-4, 6-2 என வெளியேற்றினார். பவுலா படோசா காயத்தால் விலக, காலிறுதியில் ஸ்வியாடெக். மூன்று கிராண்ட்ஸ்லாம் சாம்பியன்கள். மூவரிடமும் ஒரு செட்கூட இழக்கவில்லை. அரையிறுதியில் ஜெசிகா பெகுலாவிடம் மூன்று செட் போராடித்தான் தோற்றார்.

ஈலா இடதுகை ஆட்டக்காரர். பந்தை எழும்பும்போதே அடித்துவிடுவார். எதிராளி எவ்வளவு வேகமாக அடிக்கிறாரோ, அந்த வேகத்தையே திருப்பிக் கொடுப்பார். மயாமியில் பலமாக அடித்து ஆடுபவர்களே எதிரில் வந்தது இந்தப் பாணிக்கு வசதியாக அமைந்தது. பலவீனம் சர்வீஸ். குறிப்பாக, இரண்டாவது சர்வீஸில் வேகம் போதவில்லை.

‘திடீர்’ என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. மணிலாவில் தாத்தாவிடம் டென்னிஸ் கற்றுக்கொண்ட ஈலாவின் அம்மா, தென்கிழக்கு ஆசியப் போட்டிகளில் பதக்கம் வென்ற நீச்சல் வீராங்கனை. 2018-ல், பள்ளி வயதிலேயே வீட்டைவிட்டு ஸ்பெயினின் மயோர்கா தீவில் உள்ள ரஃபேல் நடால் அகாடமிக்குப் போனார் ஈலா. 2022-ல் யுஎஸ் ஓப்பன் ஜூனியர் ஒற்றையர் பட்டம் வென்றார். 2023-ல் அகாடமி பட்டமளிப்பு விழாவுக்கு சிறப்பு விருந்தினராக வந்த ஸ்வியாடெக்குடன் ஈலா எடுத்துக்கொண்ட படம், மயாமி வெற்றிக்குப் பிறகு வைரலானது.

ஆனால் ஜூனியர் பட்டம் வேறு, சீனியர் சர்க்யூட் வேறு. இடைப்பட்ட வருடங்களில் கேமராவே எட்டிப் பார்க்காத சின்னச் சின்ன ஐடிஎஃப் தொடர்களில்தான் ஆடிக்கொண்டிருந்தார். 2024-ல் பிரெஞ்சு ஓப்பன், விம்பிள்டன், யுஎஸ் ஓப்பன் மூன்றிலும் கடைசித் தகுதிச் சுற்றில் தோற்றார். இன்னும் ஒரே ஒரு வெற்றி இருந்தால் பிரதானச் சுற்று. அது மூன்று முறையும் கைநழுவியது.

ரேங்கிங் இப்படி எகிறியது எப்படி?

மயாமி மாதிரி ‘1000’ தொடரில் அரையிறுதிக்கு வந்தால் 390 புள்ளிகள். ‘டபிள்யூ35’ எனும் சிறிய ஐடிஎஃப் தொடரில் கோப்பையே வென்றாலும் 35 புள்ளிகள்தான். அதாவது, அப்படி 11 கோப்பைகள் வென்றாலும் 385 தான் வரும்! பரிசுத்தொகையும் அப்படியே. மயாமி அரையிறுதிக்கு 3 லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது. கோச், ஃபிசியோ, விமான டிக்கெட் என எல்லாச் செலவையும் சொந்தமாகச் சமாளிக்க வேண்டிய விளையாட்டில், ஒரு நல்ல தொடர் வாழ்க்கையையே மாற்றிவிடும். திறமை இருந்தும் அந்த வாசல் திறக்காமலேயே ஒதுங்கியவர்கள் ஏராளம்.

அதன் பிறகு?

ஏற்றமும் இறக்கமும். பிரெஞ்சு ஓப்பனிலும் விம்பிள்டனிலும் முதல் சுற்றிலேயே வெளியேறினார். ஈஸ்ட்போர்ன் இறுதிப்போட்டியில் நான்கு சாம்பியன்ஷிப் பாயின்ட்களைக் கையில் வைத்திருந்தும், மாயா ஜாயின்ட்டிடம் கடைசி டைபிரேக்கரில் தோற்றார். யுஎஸ் ஓப்பன் முதல் சுற்றில் கிளாரா டவுசனிடம் மூன்றாவது செட்டில் 1-5 எனப் பின்தங்கி, அங்கிருந்து மீண்டு ஜெயித்தார். ஓப்பன் யுகத்தில் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பிரதானச் சுற்றில் பிலிப்பைன்ஸுக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. செப்டம்பரில் குவாடலஹாராவில் ‘125’ நிலைத் தொடரின் கோப்பை. 2025 சீசன் முடிந்தபோது ரேங்க் 50.

அடுத்த சிக்கல் என்ன?

டென்னிஸ் ரேங்கிங்கில் புள்ளிகளுக்கு ஆயுள் 52 வாரம்தான். 2026 மார்ச்சில் மயாமி மறுபடி வரும்போது, அந்த 390 கணக்கிலிருந்து கழிந்துவிடும். அதற்கு ஈடாகப் புதிதாகச் சம்பாதிக்க வேண்டும். ‘புள்ளிகளைக் காப்பாற்றுவது’ என்று வீரர்கள் சொல்வது இதைத்தான். ஒரே தொடரில் மேலே வந்து, அடுத்த வருடம் அதே வேகத்தில் கீழே போனவர்கள் நிறைய பேர்.

ஈலாவுக்கு ஆறுதலான விஷயம், அவர் மயாமியை மட்டும் நம்பி இல்லை. ஈஸ்ட்போர்ன் ரன்னர்-அப் இடத்துக்கு 163, குவாடலஹாரா பட்டத்துக்கு 125, யுஎஸ் ஓப்பன் இரண்டாம் சுற்றுக்கு 70. மூன்றையும் கூட்டினால் 358. கிட்டத்தட்ட இன்னொரு மயாமி! 50-வது இடம் தங்குமா என்பதற்கு இந்தக் கணக்கே பாதி பதில். மீதி பதில், அந்த இரண்டாவது சர்வீஸ் எவ்வளவு முன்னேறுகிறது என்பதில் இருக்கிறது.

நாட்டுக்கு என்ன லாபம்?

கூடைப்பந்தும் குத்துச்சண்டையும் கோலோச்சும் பிலிப்பைன்ஸில் 2026 ஜனவரியில் டபிள்யூடிஏ 125 தொடர் மணிலாவில் நடந்தது. இது சின்ன விஷயம் இல்லை. சொந்த ஊரில் தொடர் நடந்தால், உள்ளூர் பிள்ளைகளுக்கு விமானச் செலவு இல்லாமலேயே வைல்டு கார்டும் புள்ளிகளும் கிடைக்கும்.

ஆனால் ஈலா உருவானது மணிலாவில் அல்ல, மயோர்காவில். கோவையைச் சேர்ந்த இளம் வீராங்கனை மாயா ராஜேஸ்வரனும் பயிற்சிக்காக அதே அகாடமிக்குத்தான் போயிருக்கிறார். பத்தாயிரம் கிலோமீட்டர் தாண்டிப் போகும் வசதியோ ஸ்காலர்ஷிப்போ இல்லாத பிள்ளைகளுக்கு வழி என்ன? ஈலாவின் ரேங்க் எவ்வளவு உயர்ந்தாலும், மணிலாவும் சரி, நம் ஊரும் சரி, இந்தக் கேள்விக்குத் தனியாகத்தான் பதில் தேட வேண்டும்.