"நல்ல குடும்பத்துப் பொண்ணு எப்படி துப்பாக்கி தூக்குச்சு?" இந்தக் கேள்விக்குப் பதில் தெரிஞ்சா யாரும் சிரிக்க மாட்டீங்க!

எந்த நாட்டில் எந்தப் பெண் ஆயுதத்தோடு கைதானாலும் வாட்ஸ்அப்பில் ரெண்டே பதில்தான் சுத்தும். "எவனோ காதலிக்கிறேன்னு சொல்லி மயக்கிட்டான்." இல்லைன்னா, "பொம்பளைப் பிள்ளையை அதிகம் படிக்க வச்சா இப்படித்தான்."

இதை ஃபார்வர்ட் பண்றவங்கள்ல நம்ம ஆட்களும் இருக்காங்க. அதனாலதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். முழுசா படிங்க.

குட்ரூன் என்ஸ்லின். ஜெர்மனிக்காரர். 1940-ல் பிறந்தவர். அப்பா கிறிஸ்தவ போதகர், வீட்டில் ஏழு பிள்ளைகள். பள்ளி வயசிலேயே மாணவர் பரிமாற்றத்தில் ஒரு வருஷம் அமெரிக்கா போய் வந்தார். நாட்டிலேயே மதிப்புமிக்க உதவித்தொகையில் பல்கலைக்கழகப் படிப்பு. முனைவர் பட்ட ஆய்வுக்காக மேற்கு பெர்லின். நம்ம தெருவில் இருந்திருந்தா, "அந்த அக்காவைப் பாத்துக் கத்துக்கோ"ன்னு ஊரே சொல்லியிருக்கும்.

அரசியல் ஆர்வம் எப்படித் தொடங்குச்சு? துப்பாக்கியோட இல்லை. 1964-ல் அணுகுண்டுக்கு எதிராக எழுத்தாளர்கள் எழுதியதைத் தொகுத்துப் புத்தகம் வெளியிட்டவர்களில் அவரும் ஒருவர். 1965 தேர்தலில் வில்லி பிராண்ட் தலைமையிலான சமூக ஜனநாயகக் கட்சிக்காக எழுத்தாளர்கள் சேர்ந்து நடத்திய பிரச்சார அலுவலகத்தில் வேலை பார்த்தார். கட்சிக்கு வாசகம் எழுதுறது, உரை தயாரிக்கிறது. அதாவது இன்னைக்கு ஐடி விங்ல நானும் நீங்களும் பாக்கிற வேலை!

அப்புறம் என்ன ஆச்சு?

1966 டிசம்பர். அவர் யாருக்காக உழைத்தாரோ அந்தக் கட்சி, யாரை எதிர்த்து உழைத்தாரோ அவங்களோடவே கூட்டணி ஆட்சியில் உட்கார்ந்தது. பிரதமர் நாற்காலியில் கீசிங்கர். ஹிட்லரின் நாஜி கட்சியில் 1933-லேயே உறுப்பினர் ஆனவர். நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சின்னு சொல்லிக்க ஒரே ஒரு சின்னக் கட்சிதான் மிச்சம்.

1967 மே மாதம் அவருக்கு மகன் பிறந்தான். மூணு வாரம்கூட ஆகலை. ஜூன் 2, ஈரான் மன்னர் ஷா பெர்லின் வருகிறார், மாணவர்கள் எதிர்ப்புக் காட்டுகிறார்கள். பென்னோ ஓனசோர்க் என்ற 26 வயது மாணவரை ஒரு போலீஸ்காரர் பின்தலையில் சுட்டார். கையில் ஆயுதம் எதுவும் இல்லாத மாணவர். மனைவி கர்ப்பமாக இருந்தார். சுட்டவருக்கு அதே வருஷம் நீதிமன்றத்தில் விடுதலை!

கவனிங்க. "மயக்கிட்டான்"னு சொல்றீங்களே அந்தக் காதலன் ஆண்ட்ரியாஸ் பாடர், அவரை என்ஸ்லின் சந்தித்ததே இந்தத் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகுதான். முதலில் வந்தது குண்டு. அதுக்கு யாரும் பதில் சொல்லாத மௌனம் அடுத்து. ஆள் வந்தது அதுக்கும் அப்புறம்.

இதுவரைக்கும் அவர் கோபம் நியாயம். உங்களுக்கும் வந்திருக்கும். எனக்கும் வந்திருக்கும்.

ஆனா இதுக்கு மேல அவர் செஞ்சதை நியாயப்படுத்த ஒரு வார்த்தைகூட என்கிட்ட இல்லை.

1968 ஏப்ரல். வியட்நாம் போரைக் கண்டிக்கிறோம்னு பிராங்பர்ட் நகரின் ரெண்டு பெரிய கடைகளில் ராத்திரி தீ வச்சாங்க. நல்ல வேளை, யாருக்கும் காயமில்லை. மூணு வருஷம் தண்டனை. 1969-ல் மேல்முறையீடு நடக்கும்போது வெளியே வந்தார். அப்போ சிறுவர் இல்லங்களில் தவித்த பிள்ளைகளுக்காக வேலை பார்த்தார். அதே வருஷம் அக்டோபரில் வில்லி பிராண்ட் பிரதமர்! நாலு வருஷம் முன்னாடி எந்த மாற்றத்துக்காக வாசகம் எழுதினாரோ, அது ஓட்டுப் பெட்டி வழியாகவே வந்துவிட்டது. பாக்கித் தண்டனை ரெண்டு வருஷம்கூட இல்லை. முடிச்சிட்டு வந்து மகனை வளர்த்திருக்கலாம், ஊரைத் திரட்டியிருக்கலாம்.

தலைமறைவானார்.

தலைமறைவு வாழ்க்கையில் என்ன நடக்கும்? உங்களை மறுத்துப் பேச ஆளே இருக்காது. அம்மா இல்லை, பழைய நண்பர் இல்லை, "இது தப்பு"ன்னு சண்டை போடுற தோழர் இல்லை. நாலு பேர், ஒரு அறை, ஒரே பேச்சு. எதிராளி முதலில் "எதிரி" ஆவான், அடுத்து "பன்றி" ஆவான். அந்தக் குழு போலீஸ்காரர்களை எழுத்திலேயே அப்படித்தான் சொன்னது. மனுஷன்னு நினைச்சா சுட முடியாது. அதனால முதல்ல பேரை மாத்துவாங்க.

1970 மே மாதம் பாடரைச் சிறைக் காவலில் இருந்து மீட்டபோது குண்டடி பட்டது யாருக்கு? அந்த ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்த ஒரு பெரியவருக்கு. 1972-ல் பத்திரிகை முதலாளி ஸ்ப்ரிங்கரின் ஹாம்பர்க் கட்டடத்தில் குண்டு வச்சப்போ ரத்தம் சிந்தினது யார்? முதலாளியா? அங்க சம்பளத்துக்கு வேலை பார்த்தவங்க! செம்படைப் பிரிவு என்ற அந்த அமைப்பு 1998-ல் கலைக்கப்படும் வரை பறித்த உயிர்கள் 30-க்கும் மேல.

அதனால என்ன சாதிச்சாங்க? 1972 ஜனவரியில் அரசு வேலைக்கு வர்றவங்களோட அரசியலைத் துருவிப் பார்க்கும் உத்தரவு வந்தது. போட்டதும் அதே பிராண்ட் ஆட்சிதான். ஆசிரியர், தபால்காரர் வரைக்கும் விசாரணை. ஒரு கல்லைக்கூட எறியாத இடதுசாரி இளைஞர்கள் வேலை இழந்தார்கள். அடக்குமுறைக்குக் காரணம் தேடிக்கிட்டிருந்தவங்க கையில் அந்தக் காரணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தது இந்தத் துப்பாக்கிதான்.

1972 ஜூனில் ஒரு துணிக்கடையில் ஜாக்கெட்டுக்குள் இருந்த துப்பாக்கியைக் கடைக்காரர் பார்த்ததால் என்ஸ்லின் பிடிபட்டார். ஆயுள் தண்டனை. 1977 அக்டோபர் 18, சிறை அறையில் பிணம். தற்கொலை என்றது விசாரணை. வயது 37.

2009-ல் இன்னொரு செய்தி வெளியே வந்தது. அந்த மாணவரைச் சுட்ட போலீஸ்காரர், கிழக்கு ஜெர்மனி உளவுத்துறைக்கு ரகசியமா வேலை பார்த்தவர்! பொறுமையா ஆவணத்தைத் தேடினவங்க கண்டுபிடிச்ச உண்மை இது. குண்டு வச்சவங்க யாரும் கண்டுபிடிக்கலை.

சரி, இதை ஏன் நம்ம பக்கத்துல எழுதுறேன்?

நானும் ஒரு நாள் ராத்திரி ஒன்றரை மணிக்கு, ஆத்திரத்துல, "இவனுங்களை எல்லாம் நிக்க வச்சு சுடணும்"னு ஒரு கமெண்ட் போட்டவன்தான். 400 லைக். காலைல வட்டத்து அண்ணன் போன் பண்ணார். "தம்பி, அதை அழிச்சிடு. கோவம் இருக்குல்ல? பத்து மணிக்கு வாக்காளர் பட்டியல் சரிபார்க்கப் போறோம், வா" என்றார். போனேன். செத்துப்போனவங்க பேரு பட்டியல்ல இருக்கு, உயிரோட இருக்கிற பாட்டி பேரு இல்லை. பாட்டி பேரைச் சேர்க்க மூணு நாள் அலைஞ்சேன். அந்தக் கோபம் ஒரு ஓட்டாச்சு. அதுக்கு ஒரு லைக்கும் வரலை.

பெர்லின்ல அந்தப் பொண்ணுக்கு அப்படி ஒரு போன் வந்துச்சான்னு எனக்குத் தெரியாது. நம்ம குரூப்ல கோபமா பேசிட்டு திடீர்னு அமைதியாகிப் போன ஒரு தங்கச்சிக்கு அந்த போனை நீங்க பண்ணலாம். "லெஃப்ட் ஆயிட்டா, விடு"ன்னு விட்டுடாதீங்க. அவ கேட்ட கேள்வி கட்சிக்கு எதிரானதா இருந்தாலும் பதில் சொல்லுங்க. பதில் தெரியலைன்னா மாவட்டத்துக்குக் கொண்டுபோங்க.

தோழர்களே, கோபத்தை விடச் சொல்லலை. கோபம் இல்லாதவனுக்குக் கட்சி எதுக்கு? அதை மூடின அறைக்குள்ள விடாதீங்க. தெருவுக்குக் கூட்டிட்டு வாங்க. வெளிச்சத்துல நிக்க வைங்க.

பகிருங்கள். முக்கியமா, அந்த "மயக்கிட்டான்" ஃபார்வர்ட் வந்த குரூப்ல பகிருங்கள்.

#கோபம்_ஓட்டாகட்டும்
#துப்பாக்கி_தீர்வல்ல