தனியாக வேண்ட பத்துப் பேர் எதற்கு?

கும்பலோடு நின்று புத்தகத்தைப் பார்த்து வாசிப்பதில் பக்தி எங்கிருந்து வரும், தனியாகக் கண்ணை மூடி உட்கார்ந்தால்தானே கடவுள் என்று கேட்பவர்கள் நிறைய. யூதர்களின் வழிபாட்டைக் கொஞ்சம் கவனித்தால் இந்தக் கேள்வியே அரைகுறையானது என்று தெரியும்.

யூத மரபில் சில முக்கியமான பிரார்த்தனைகளைச் சொல்ல 10 பேர் கூடியாக வேண்டும். அதற்கு 'மின்யான்' என்று பெயர். வந்தவர் பெரிய பக்திமானா, பாதித் தூக்கத்தில் எழுந்து வந்தவரா என்று யாரும் பார்ப்பதில்லை. ஆள் இருந்தால் சரி. (ஆட்களை ஒன்று, இரண்டு என்று எண்ணவும் மாட்டார்கள். பத்துச் சொற்கள் உள்ள ஒரு வேத வசனத்தைச் சொல்லி எண்ணுவது வழக்கம்!)

அந்தக் கூட்டத்தின் நடுவில்தான் 'அமிதா' வருகிறது. எல்லோரும் எருசலேமை நோக்கி, கால்களைச் சேர்த்து வைத்து நிற்பார்கள். உதடு அசையும், சத்தம் வெளியே வராது. வார்த்தைகள் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் வேகம் அவரவருடையது; நடுவே சொந்தக் குறையையும் சொல்லிக்கொள்ளலாம். இதற்கு முன்மாதிரி யார் தெரியுமா? பிள்ளையில்லாமல் அழுத அன்னாள். அவள் உதடு மட்டும் அசைவதைப் பார்த்து, குடித்திருக்கிறாள் என்றே நினைத்துவிட்டார் ஆசாரியர் ஏலி. தன்னந்தனியாக அழுத ஒரு பெண்ணின் முறையைத்தான் தல்மூத் அறிஞர்கள் ஊருக்கே பொதுவாக்கினார்கள்.

அப்பாவோ அம்மாவோ இறந்தால் பிள்ளை 11 மாதம் 'காதீஷ்' சொல்ல வேண்டும். அரமேய மொழியில் உள்ள அந்தப் பிரார்த்தனையில் சாவைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. முழுக்கக் கடவுளைப் புகழ்வதுதான். பத்துப் பேர் இல்லாமல் அதைச் சொல்லவும் முடியாது. துக்கத்தில் இருப்பவன் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்க முடியாதபடி இந்த விதி அவனை வெளியே இழுக்கிறது. அவன் சொல்லச் சொல்ல, மற்றவர்கள் 'ஆமென்' சொல்ல வேண்டும். எவ்வளவு யோசித்து வைத்த ஏற்பாடு!

கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய ஜெப ஆலயம் இன்றும் இருக்கிறது. ஆனால் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டதால், உள்ளூர் யூதர்களை மட்டும் வைத்து மின்யான் கூட்ட முடியாமல் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன.

இதில் உறுத்தலான விஷயமும் உண்டு. பழைய விதிப்படி அந்தப் பத்துப் பேரும் 13 வயது நிறைந்த ஆண்கள். அமெரிக்காவில் ஹதாஸா அமைப்பைத் தொடங்கிய ஹென்ரியட்டா சோல்ட் எட்டுப் பெண்களில் ஒருவர். ஆண் பிள்ளை இல்லாத வீடு. 1916-இல் அவருடைய தாய் இறந்தபோது, காதீஷ் சொல்ல ஒரு நண்பர் முன்வந்தார். சோல்ட் நன்றியோடு மறுத்துவிட்டார். பெற்றோர் சமூகத்தோடு வைத்திருந்த உறவைத் தானும் ஏற்பதாகப் பிள்ளை எல்லோர் முன்னும் காட்டுவதுதான் காதீஷ், அது மகள்களுக்கும் உரியது என்பது அவர் வாதம். வீட்டிலேயே தனியாக வேண்டிக்கொள்கிறேன் என்று அவர் ஒதுங்கவில்லை. கூட்டத்துக்குள்தான் இடம் கேட்டார்.

கன்சர்வேட்டிவ் பிரிவு பெண்களையும் மின்யானில் எண்ணலாம் என்று ஒப்புக்கொள்ள 1973 ஆகிவிட்டது. ஆர்த்தடாக்ஸ் பிரிவில் இன்னும் பத்து என்றால் பத்து ஆண்கள்தான்.